பலகையில் தமிழை நெரிக்காதீர்கள்: பெயர்ப்பலகைக்கு டெண்டர் விடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பேருந்து நிலையம், மருத்துவமனை, சாலை, அரசு அலுவலகம் ஆகிய இடங்களில் பெயர்ப்பலகை வைக்க டெண்டர் தயாரிக்கும், மாதிரிக்கு ஒப்புதல் தரும், பில்லில் கையெழுத்திடும் அதிகாரிகள் அனைவருக்கும்,

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பழைய பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டியிருக்கிறீர்கள். நீல நிறத்தில் நல்ல ஷீட், அதன்மேல் வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் வெள்ளை எழுத்து. ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயர்களை நிலையத்தின் அந்தக் கோடியிலிருந்தே படித்துவிடலாம். தமிழ்ப் பெயரைப் படிக்கப் பலகைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. திருச்செந்தூர், திருச்செங்கோடு இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றுதான். மிச்சமுள்ள எழுத்துகளிலாவது வித்தியாசம் கண்ணுக்குப் பட வேண்டும் அல்லவா? உங்கள் பலகையில் படவில்லை. எழுத்தைப் பக்கவாட்டில் நெரித்து, தடிமனை ஏற்றி, ஒன்றோடு ஒன்று ஒட்டும்படி விட்டிருக்கிறார்கள். தெற்கே போக வேண்டியவர்கள் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, கண்டக்டர் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பதறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே நுழைந்ததும் எல்லாப் பிரிவுகளின் பெயரையும் அடுக்கி ஒரு பெரிய பலகை இருக்கிறது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். 'பொது மருத்துவம்' தொடங்கி 'காது, மூக்கு, தொண்டை' வரை எல்லாத் தமிழ்ப் பெயரும் ஒரே அகலத்துக்குள் அமுக்கப்பட்டிருக்கின்றன. என் அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு முந்திய பரிசோதனை. தினமும் காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர் அவர். அந்தப் பலகை முன்னால் நின்று, முகத்தைச் சுருக்கிக்கொண்டு, வரிவரியாக விரலை நகர்த்திப் பார்த்தார். பின்னால் வந்த ஓர் இளைஞர், "என்ன பாட்டி, படிக்கத் தெரியாதா, எங்க போகணும்?" என்று அன்பாகத்தான் கேட்டார். அத்தை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "எனக்குப் படிக்கத் தெரியும்னு நீ சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அன்றைக்கு இரவே இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

கண் சரியாகத் தெரியாதவர்கள் தேடி வரும் பிரிவின் பெயரையே கண் சரியாகத் தெரிந்தவர்களும் படிக்க முடியாதபடி எழுதி வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யாரோ வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்லவில்லை. இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். முதலில் அச்சகத்தில், அப்புறம் போர்டு அடிக்கும் கடையில் என்று பல வருடங்களாகக் கணினியில் எழுத்துக் கோக்கும் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். உங்கள் அலுவலகத்திலிருந்து வரும் தாள் என் போன்றவர்களின் மேசைக்குத்தான் கடைசியில் வந்து சேர்கிறது.

அந்தத் தாளில் என்ன இருக்கும்? பலகையின் நீள அகலம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். ஷீட்டின் தடிமன், பெயிண்டின் தரம், கம்பியின் விட்டம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதெல்லாம் இருக்கும். நான் பார்த்த தாள்கள் சிலவற்றில் ஆங்கிலத்துக்கு எந்த எழுத்துரு, எந்த உயரம் என்றுகூட இருந்தது. தமிழுக்கு? 'தமிழில் எழுதப்பட வேண்டும்' என்ற ஒரு வரி, அவ்வளவுதான். என்ன எழுத்துரு, எவ்வளவு தடிமன், எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடைவெளி என்று எதுவும் கிடையாது. ஆக, தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கடையில் அன்றைக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார். அவரிடம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ ஏற்றிக் கொடுத்த பழைய எழுத்துருக்கள் இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கும் கட்சி பேனருக்கும் பயன்படுத்துகிற அதே எழுத்துருவை எடுத்துப் போடுகிறார். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த இடத்தில் தமிழ் அடங்காது. உடனே எழுத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார். நூறு சதவீத அகலம் அறுபதாகிறது. நெரித்ததும் நின்ற கோடுகள் மெலிந்துவிடும், கிடந்த கோடுகள் அப்படியே இருக்கும். மெலிந்தது தெரியாமலிருக்கச் சுற்றிலும் ஒரு அவுட்லைன் கொடுத்துப் 'போல்டு' ஆக்குகிறார். அத்தோடு எழுத்தின் உள்ளே இருந்த வெற்றிடமும் போய்விடுகிறது. ஒப்புதலுக்கு உங்களுக்கு வாட்ஸாப்பில் படம் வருகிறது. கைக்குள் அடங்கும் திரையில், என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

தமிழ் எழுத்துக்குள் இருக்கும் இந்த வெற்றிடம், அதாவது உள்வெளி, எவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ண-வை மூன்று சுழி என்றும் ன-வை இரண்டு சுழி என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். சுழியை எண்ணித்தான் எழுத்தை அடையாளம் காண்கிறோம். சுழி அடைந்துபோனால் பணியும் பனியும் ஒன்று, ஆணையும் ஆனையும் ஒன்று. கி-க்கும் கீ-க்கும் இடையில் இருப்பது, எழுத்தின் தலைக்கு மேல் வளையும் கோடான மேல்விலங்கின் முனையில் ஒரு சின்னச் சுழி. எ-க்கும் ஏ-க்கும் இடையில் இருப்பது கீழே ஒரு சாய்ந்த கோடு. ஒ-வை ஓ ஆக்குவதும் அடியில் வரும் ஒரு வளைவுதான். கெ, கே இரண்டுக்கும் கொம்பின் சுழிதான் வித்தியாசம். இப்படிப் பொருளைச் சுமக்கும் உறுப்புகள் எல்லாமே சின்னவை, எல்லாமே ஓரத்தில் இருப்பவை. எழுத்தை நெரித்துத் தடிமனாக்கினால் முதலில் அழிவது இவைதான். ஆங்கிலத்தில் இதே அளவு நெரித்தாலும் படித்துவிடலாம், அதன் பெரிய எழுத்துகள் அவ்வளவு எளிய கோடுகள். அதை வைத்துத் தமிழை அளக்கக் கூடாது.

வினைல் ஸ்டிக்கர் வெட்டும் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இயந்திரம் வெட்டி முடித்ததும், சுழிகளுக்குள் இருக்கும் சின்னத் துண்டுகளை ஊசியாலோ இடுக்கியாலோ ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க வேண்டும். சுழி கடுகளவாக இருந்தால் அந்தத் துண்டு வராது. அவசரத்தில் அப்படியே விட்டு ஒட்டிவிடுவார்கள். புள்ளி விஷயம் இதற்கு நேர்மாறு. அது தனியாக நிற்கும் துண்டு என்பதால் வெயிலிலும் மழையிலும் முதலில் உதிர்வது அதுதான். சின்னப் புள்ளியாக வைத்தால் ஒரு கோடைக்குத் தாங்காது. புள்ளி போனால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். ஆகவே பலகைக்கு என்று ஒரு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது சுழி திறந்திருக்கிறதா, புள்ளி பெரிதாக இருக்கிறதா, அந்தப் புள்ளி எழுத்தை விட்டுப் போதுமான அளவு விலகி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்குத்தான் நவீன சான்ஸ் செரிஃப் வகை எழுத்துருக்களைப் பயன்படுத்துங்கள் என்று கேட்கிறேன். ஆங்கில எழுத்தின் முனைகளில் சின்னச் சின்னக் கட்டைகள் வைத்தது ஒரு வகை, அவை இல்லாதது இன்னொரு வகை. இரண்டாவதுக்குத்தான் இந்தப் பெயர். தமிழ் எழுத்தில் அந்தக் கட்டைகள் எப்போதும் கிடையாது. தமிழுக்கு இந்த வகை என்றால், கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும், அலங்கார வால்கள் இருக்காது, உள்வெளி திறந்திருக்கும். புத்தகத்துக்குத் தடித்தும் மெலிந்தும் ஓடும் எழுத்தே எனக்கும் பிடிக்கும். 1862-இல் வெளிவந்த வின்சுலோ தமிழ்-ஆங்கில அகராதியை அச்சிட்ட சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில், அதை நடத்திய பி. ஆர். ஹன்ட் காலத்தில் வார்த்த சின்ன ஈய எழுத்துகளின் அழகை இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அது கைக்கு அருகில் வைத்து நிதானமாகப் படிக்கும் எழுத்து. முப்பதடி தூரத்தில், நெரிசலில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பவருக்கு அந்த மெல்லிய கோடுகள் மறைந்துவிடும்.

'இது ஆங்கிலப் பாணி, தமிழுக்கு ஒட்டாது' என்று ஓர் அலுவலகத்தில் என்னிடமே சொன்னார்கள். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறினார்கள். கூரான இரும்பு முனை கீறும் கோட்டுக்குத் தடிமன் பெரிதாக மாறாது. கல்லில் உளி வெட்டிய கோடும் அப்படித்தான். தடித்து மெலியும் கோடு தமிழுக்குப் பேனாவோடும் அச்சோடும் பெருகியது. சீரான கோட்டில் எழுதுவது நமக்கு மிகப் பழைய பழக்கம். அதைப் புதிய வடிவத்தில் கொண்டுவருவதால் தமிழ்த்தன்மை ஒன்றும் கெட்டுவிடாது. சரி, ஒட்டாத ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. ஆங்கில எழுத்தின் வட்டத்தையும் சதுரத்தையும் வெட்டி ஒட்டித் தமிழ் என்று தருகிறார்கள் சிலர். சுழியே இல்லாத ண, பாதி மட்டும் வளைந்த ழ என்று விளம்பரங்களில் வருகின்றன. ஒரு சட்டைக் கம்பெனியின் லோகோவுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவமனைக்கு வேண்டாம்.

பலகை எழுத்தை மற்ற நாடுகளில் எவ்வளவு பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். பிரிட்டனில் மோட்டார் நெடுஞ்சாலை வந்தபோது, பலகைகளை வடிவமைக்கும் பொறுப்பை ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வெர்ட் என்ற இரண்டு வடிவமைப்பாளர்களிடம் கொடுத்தார்கள். அவர்களின் 'டிரான்ஸ்போர்ட்' எழுத்துரு 1958-இல் பிரெஸ்டன் புறவழிச்சாலையில் முதலில் வைத்துப் பார்க்கப்பட்டது. பிறகு ஒரு விமானத் தளத்தில் ஆட்களை மேடையில் உட்கார வைத்து, பலகை பொருத்திய காரை அவர்களை நோக்கி ஓட்டி, எவ்வளவு தூரத்தில் படிக்க முடிகிறது என்று அளந்தார்கள். பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் 1970-களில் வரைந்த எழுத்து, வேகமாக நடந்துகொண்டே, சாய்வான கோணத்திலிருந்தும் படிக்க வேண்டும் என்பதற்காகவே உருவானது. அமெரிக்காவில் 'கிளியர்வியூ' என்ற எழுத்துருவை நெடுஞ்சாலைப் பலகைகளுக்கு 2004-இல் அனுமதித்தார்கள், 2016-இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள், 2018-இல் மறுபடி கொடுத்தார்கள். ஓர் எழுத்துருவுக்காக மத்திய அரசு மட்டத்தில் இவ்வளவு வாதம் நடந்திருக்கிறது.

கிளியர்வியூ உருவானதற்கான காரணம் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. இரவில் வண்டியின் ஹெட்லைட் பளிச்சிடும் ஷீட்டின் மேல் விழும்போது, எழுத்தின் வெளிச்சம் சிந்தி உள்வெளிக்குள் பரவுகிறது. வயதானவர்கள் கண்ணுக்கு இது இன்னும் அதிகமாகத் தெரியும். ஆங்கிலச் சின்ன எழுத்து e, a போன்றவற்றின் துளை அடைந்துவிடுகிறதே என்று ஆங்கிலத்துக்கே கவலைப்பட்டு உள்வெளியைத் திறந்து வரைந்தார்கள். மூன்று சுழி உள்ள எழுத்தை வைத்திருக்கும் நாம் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. உங்கள் நீலப் பலகைகளை இரவு ஒன்பது மணிக்கு, ஒரு பஸ் திரும்பும் வெளிச்சத்தில் பாருங்கள். 'அருப்புக்கோட்டை' என்ற இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டைதான் தெரியும்.

நல்ல எழுத்துரு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளோடு வந்து பல ஆண்டாகிறது. விண்டோஸோடு முன்பு லதா என்ற எழுத்துரு வந்தது, 2012-இல் விண்டோஸ் 8-உடன் நிர்மலா யு.ஐ. வந்தது. எந்தக் கணினியிலும் இலவசமாக ஏற்றிக்கொள்ளக் கூடியவை என்றால் பட்டியல் இன்னும் நீளம். கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரான் ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. மும்பையில் உள்ள எக் டைப் குழுவின் முக்தா மலர் ஏழு தடிமன்களிலும், இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ஹிந்த் மதுரை ஐந்து தடிமன்களிலும் வருகின்றன. இவை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. பலகைக்கும் பயன்படுத்தலாம், அச்சுக்கும் பயன்படுத்தலாம், ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். தடிமன் வேண்டுமென்றால் வடிவமைப்பாளரே சுழியைத் திறந்து வைத்து வரைந்த தடித்த வடிவம் இருக்கிறது, அவுட்லைன் போட வேண்டிய அவசியமே இல்லை.

இவற்றில் எனக்கு மிகவும் பயன்படுவது எக் டைப் குழு 2022-இல் வெளியிட்ட அனேக் தமிழ். பத்து வரிவடிவங்களுக்காகச் செய்த அனேக் குடும்பத்தில் இது ஒன்று. தடிமன் எட்டு, அகலம் ஐந்து. குறுகிய வடிவம் வேண்டுமென்றால் குறுக்கியே வரைந்த எழுத்து அதில் இருக்கிறது. அகலம் குறைந்தாலும் கோட்டின் தடிமன் சீராக இருக்கும், சுழி நீண்டு ஒடுங்குமே தவிர அடையாது. 'திருத்துறைப்பூண்டி' என்ற பெயரை இரண்டு விதமாகவும் அடித்து, ஒரே அகலத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சாதாரண எழுத்தைக் கணினியில் நெரித்தது மேலே, குறுகியதாகவே வரைந்தது கீழே. றை-யும் பூ-வும் எந்த வரியில் முதலில் கண்ணில் படுகின்றன என்று அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழிலும் இப்படிக் குறுகிய அகலங்கள் உண்டு. பலகையில் இடம் போதவில்லை என்ற காரணத்துக்கு இதற்குமேல் வேலை இல்லை.

அடுத்தது அளவு. கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி, அதை ஆதரிக்கிறேன். ஆனால் எழுத்தின் உயரத்தை எங்கிருந்து எங்கே வரை அளப்பது? ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்றால் அடியிலிருந்து தலைவரை ஒரே உயரம். தமிழில் மேல்விலங்கு தலைக்கு மேலே போகிறது, ழு-வின் சுழி கீழே இறங்குகிறது. மேல்நுனிக்கும் கீழ்நுனிக்கும் இடையே அளந்து 'சரியாக இருக்கிறது' என்று எழுதிக்கொண்டால், உண்மையில் கண் படிக்கும் ப, ட, ம போன்றவற்றின் உடல் அதில் பாதிதான் இருக்கும். ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டுவது போன்ற வேலை இது. ப-வின் உயரத்தை அளவாக வையுங்கள். அப்போதுதான் எந்த விகிதத்துக்கும் பொருள் இருக்கும். வரிக்கு வரி இடைவெளியும் இதோடு சேர்ந்ததுதான். ஆங்கில வரிக்கான இடைவெளியைக் கொடுத்தால் மேல் வரியின் ழு கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கிறது. மருத்துவமனைப் பலகையில் பல இடங்களில் புள்ளி எந்த வரிக்குச் சொந்தம் என்றே தெரியவில்லை.

பஸ்ஸின் நெற்றியில் ஓடும் எல்.இ.டி. பலகைகளையும் கவனியுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தை ஐந்துக்கு ஏழு புள்ளிகளில் காட்டிவிடலாம். ண-வையும் ணை-யையும் ஏழு வரிசைப் புள்ளிகளில் தெளிவாகக் காட்ட முடியாது. வரிசை குறைந்த பலகையை வாங்கிவிட்டு அதில் தமிழையும் ஓட விடுங்கள் என்று கேட்டால் எந்த எழுத்துருவாலும் காப்பாற்ற முடியாது. வாங்கும்போதே தமிழைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

எழுத்துப் பிழையிலும் பாதி இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கணினிகளில் தமிழுக்கு யூனிகோடு, டேஸ் 16 என்ற இரண்டு பொதுக் குறியீடுகள்தான் என்று 2010-இல் அரசாணையே வந்துவிட்டது. அதற்கான எழுத்துருக்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தருகிறது. ஆனாலும் பட்டியல் எங்கள் கடைக்குத் தாளில் அச்சடித்தோ போட்டோவாகவோ வருகிறது. கடையில் பழைய குறியீட்டில் மறுபடி தட்டச்சு செய்கிறார்கள். ஒவ்வொரு மறுதட்டச்சிலும் ஓர் எழுத்து மாறுகிறது. இல்லையென்றால், இந்திய மொழிக்கான அமைப்பை மாற்றி வைக்காத மென்பொருளில் யூனிகோடு எழுத்தை ஒட்டுகிறார்கள், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. 'சேலம்' என்று எழுதினால் ச-வுக்கு அந்தப் பக்கம் கொம்பு நிற்கும். தமிழ் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும், இது நின்றுவிடும்.

கழற்றிப் போட்ட பழைய பலகைகள் பேருந்து நிலையத்தின் பின்பக்கச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மஞ்சள் பின்னணியில் கறுப்புப் பெயிண்ட். அவற்றைக் கையால் எழுதிய பெயிண்டர்கள் எந்த எழுத்துருவையும் பார்த்து எழுதவில்லை. தூரத்திலிருந்து படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புள்ளியைப் பெரிதாக வைத்தார்கள், சுழியைத் தாராளமாக விட்டார்கள், இடம் போதாவிட்டால் பெயரை இரண்டு வரியாக எழுதினார்கள். துருப்பிடித்த அந்தப் பலகைகளை இன்றைக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க முடிகிறது. அந்தப் பெயிண்டர்களில் பலர் இப்போது எங்கள் தொழிலிலேயே பிளெக்ஸ் மாட்டும் வேலை பார்க்கிறார்கள். எழுத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

இனி விடும் ஒவ்வொரு பலகை டெண்டரிலும் தமிழ் எழுத்துருவின் பெயரையும் தடிமனையும் எழுதுங்கள். மேலே நான் சொன்ன இலவச எழுத்துருக்களில் ஒன்றை உங்கள் துறை முழுவதற்கும் பொதுவாக முடிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. எழுத்தைப் பக்கவாட்டில் நெரிப்பதையும் அவுட்லைன் கொடுத்துத் தடிமனாக்குவதையும் டெண்டரிலேயே தடை செய்யுங்கள். அப்படிச் செய்த பலகைக்குப் பில் பாஸ் செய்யாதீர்கள். இடம் போதாவிட்டால் குறுகியதாகவே வரைந்த எழுத்து, அதுவும் போதாவிட்டால் இரண்டு வரி, அதற்கும் மேல் என்றால் பெரிய பலகை என்ற வரிசையை எழுத்தில் கொடுங்கள்.

தமிழ் எழுத்தின் உயரத்தை ப-வின் உயரத்தை வைத்து அளக்கச் சொல்லி ஓர் உத்தரவு போடுங்கள். வரி இடைவெளியையும் தமிழை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பெயர்ப் பட்டியலை யூனிகோடு கோப்பாகவே கடைக்கு அனுப்புங்கள். வாட்ஸாப் படத்தைப் பார்த்து ஒப்புதல் தருவதை நிறுத்துங்கள். மொத்தப் பலகைகளையும் அடிக்கும் முன்னால் ஒரே ஒரு பலகையை உண்மையான அளவில் செய்து, அது மாட்டப்போகும் உயரத்தில் மாட்டி, பகலில் ஒரு முறையும் இரவில் வண்டி வெளிச்சத்தில் ஒரு முறையும் சோதியுங்கள். படிக்கச் சொல்வது அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். ஊர்ப் பெயரை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லாதீர்கள். எத்தனை அடி தூரத்தில் படித்தார்கள் என்பதைக் கோப்பில் குறித்து வையுங்கள்.

எல்.இ.டி. பலகை வாங்கும்போது ணை, ழூ, கீ, ஞ், ஸ்ரீ ஆகியவற்றை அதில் ஓட விட்டுக் காட்டினால்தான் வாங்குவோம் என்று நிபந்தனை வையுங்கள்.

ஏற்கெனவே மாட்டிய எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்று எனக்குப் புரிகிறது. மருத்துவமனைப் பலகையை முதலில் மாற்றுங்கள். அதிலும் கண் பிரிவு, அவசர சிகிச்சை, பிரசவ வார்டு, மருந்து வழங்கும் இடம் ஆகிய நான்குக்கும் இந்த மாதமே தற்காலிகமாகவேனும் சரியான பலகை வையுங்கள். இதற்கு ஷீட்டை மாற்ற வேண்டியதில்லை, மேலே புதிய ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். அடுத்ததாகப் பேருந்து நிலையத்தில் 'திரு' என்று தொடங்கும் ஊர்களின் பலகைகள். எழுத்து அமைத்துக் கொடுக்கவும், சோதனை நாளில் வந்து நிற்கவும் எங்கள் தொழிலில் இருக்கும் பலர் கூலி இல்லாமலே தயாராக இருக்கிறோம். எந்த எழுத்துரு, எந்த அளவு என்று நீங்கள் எடுக்கும் முடிவை, பதவிப் பெயரோடும் தேதியோடும், அந்தந்த அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
டி.டி.பி. தொழிலாளி ஒருத்தி